குரங்கிடம் பட்ட கடன்

கூண்டிலே ஒரு குரங்கு. அதன் வயிற்றிலே நஞ்சு. எதிரே, குறிப்பேடும் கடிகாரமுமாக ஒரு மனிதன். குரங்குக்கு மூச்சு வாங்குகிறது – மனிதன் எழுதிக்கொள்கிறான். அதன் குருதியிலே அமிலம் ஏறுகிறது – மனிதன் அளந்து பார்க்கிறான். நஞ்சைக் கொடுத்தவனும் அவனே. அந்த நஞ்சை முறிக்கும் மருந்தைத் தேடுபவனும் அவனே!

"ஐயோ, பாவம்!" என்று பதறுகிறார் ஒருவர். "குரங்குதானே, போகட்டும்!" என்று கையை உதறுகிறார் இன்னொருவர். பதறியவரும் சிந்திக்கவில்லை, உதறியவரும் சிந்திக்கவில்லை. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். மற்றவர் நெஞ்சை மூடிக்கொண்டார். இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியை எடைபோட வேண்டிய கடமை, பகுத்தறிவைத் துணைக்கொண்ட இளைஞர்களுக்கு உண்டு. மனிதன் பிழைப்பதற்காக விலங்கை வாட்டலாமா? வாட்டலாம் என்றால், எந்த உரிமையில்? எதுவரை? எந்த நிபந்தனையில்?

பொத்தாம் பொதுவாகப் பேசினால் பேச்சு காற்றோடு போகும். ஆகவே, ஒரே ஒரு நஞ்சை எடுத்துக்கொள்வோம். அதன் கதையைத் தொடக்கம் முதல் பார்ப்போம். தீர்ப்பைப் பிறகு கூறலாம்.

கருணாபுரம்! கள்ளக்குறிச்சி நகரத்தின் ஒரு பகுதி. பெயரிலே கருணை. 2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அங்கே நடந்ததோ கொடுமை. நாளெல்லாம் உழைத்து, உடல் வலி மறக்கப் பாக்கெட் சாராயம் வாங்கிக் குடித்த கூலித் தொழிலாளர்கள், அடுத்தடுத்துச் சுருண்டு விழுந்தனர். வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல், மூச்சுத் திணறல்! கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி என மருத்துவமனைகள் நிரம்பின. 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முந்திய ஆண்டு, 2023 மே திங்களில், மரக்காணம் பகுதியிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோரை இதே நஞ்சுதான் வாரிக்கொண்டு போயிற்று.

மெத்தனால் – அந்த நஞ்சின் பெயர். பார்த்தால் தண்ணீர்; முகர்ந்தால் சாராயம்; குடித்தால் சாவு! தொழிற்சாலையிலே அதற்கு ஆயிரம் வேலை உண்டு. மனிதன் வயிற்றிலே மட்டும் வேலை இல்லை.

இதிலே ஒரு வியப்பு இருக்கிறது. மெத்தனால் உள்ளே போனவுடன் கொல்வதில்லை. சாதாரணச் சாராயத்தைப் போலவே சிறிது மயக்கம் தரும், அவ்வளவுதான். குடித்தவன் வீடு திரும்புகிறான், உண்கிறான், உறங்குகிறான். கேடு பிறகுதான் தொடங்குகிறது. சாராயத்தைச் செரிக்க வேண்டுமென்று நம் கல்லீரலிலே அமைந்திருக்கும் ஒரு நொதி, வந்தது எது என்று பேதம் அறியாமல், மெத்தனாலையும் எடுத்து அரைக்கத் தொடங்குகிறது. அரைத்து ஃபார்மால்டிஹைடு ஆக்குகிறது – பிணம் கெடாதிருக்க ஊற்றும் நீர்மத்தில் இருக்கிறதே, அதே பொருள்! அது விரைவிலே ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது – எறும்பின் நஞ்சிலே உள்ள அமிலம்! வெளியிலிருந்து வந்தது அரை எதிரி. அதை முழு எதிரியாக்குவது நம் உடலே.

12 மணி நேரமோ 24 மணி நேரமோ கழிந்தபின் இந்த அமிலம் குருதியிலே நிறைகிறது. அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் அளவுகோலில், உயிருள்ள மனிதனின் குருதி 7.35-க்கும் 7.45-க்கும் இடையிலே நிற்க வேண்டும். எவ்வளவு சிறிய இடைவெளி! அந்த எண் 7-க்குக் கீழே இறங்கினால் உயிர் ஊசலாடுகிறது. கரியமில வாயுவை வெளியே தள்ளியாவது அமிலத்தைக் குறைக்கலாமா என்று நுரையீரல் போராடுகிறது. அதனால்தான் அந்தப் பெருமூச்சு. உயிரணுக்கள் மூச்சுக்காற்றைப் பயன்படுத்தும் வழியையே ஃபார்மிக் அமிலம் அடைத்துவிடுகிறது. கண்ணின் நரம்பு முதலில் பட்டுப்போகிறது. பிழைத்தவர்களிலும் பலர் பார்வை இழந்து நிற்பது இதனால்தான். உடலின் வளர்சிதை மாற்றம் நிலைகுலைந்து குருதியில் அமிலம் திடீரென மிகுந்துவிடும் இந்நிலையை மருத்துவர்கள் 'அசிடோசிஸ்' என்பர். நாம் அமிலமிகை என்போம்.

அமிலம் மிகுந்தால் காரத்தைக் கொடுத்துச் சரிக்கட்டலாமே என்று கேட்கத் தோன்றும். கொடுக்கத்தான் செய்கிறார்கள். ஆப்பத்துக்குப் போடுகிறோமே சோடா உப்பு, அந்த பைகார்பனேட்டையே தூய கரைசலாக்கி நரம்பிலே ஏற்றுகிறார்கள். ஆனால், ஓட்டைப் படகிலே நீரை இறைப்பதற்கு ஒப்பானது அது. இறைக்க வேண்டும், இறைக்காவிட்டால் மூழ்கும். ஆனால் ஓட்டையை அடைக்காமல் இறைத்துக்கொண்டே இருந்தால் கரை சேர முடியுமா? ஓட்டை எங்கே இருக்கிறது? அதை எதைக் கொண்டு அடைப்பது? இந்த இரு கேள்விகளுக்கும் விடை தேடித்தான் விஞ்ஞானம் விலங்கின் கூண்டருகே போய் நின்றது.

முதலில் போனது தவறான கூண்டுக்கு! எலிக்குக் கொடுத்தார்கள், முயலுக்குக் கொடுத்தார்கள், நாய்க்குக் கொடுத்தார்கள். மயங்கின, பேரளவு கொடுத்தால் மாண்டன. ஆனால், மனிதனிடம் கண்ட அமிலமிகை அவற்றிடம் தோன்றவில்லை, பார்வை பறிபோகவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, "தூய மெத்தனால் நஞ்சே அன்று, அதிலே கலந்திருக்கும் கசடுதான் நஞ்சு" என்று வாதிட்டோரும் இருந்தனர். எலி பிழைத்தது, எலியை நம்பிய கொள்கை மனிதனைக் கைவிட்டது. எத்தனை விலங்குகள் வீணிலே வதைபட்டிருக்கும்! அந்த வதையிலிருந்து பிறந்தது உண்மையுமன்று, மயக்கம்.

மனித நோயாளிகளைக் கூர்ந்து நோக்கிய மருத்துவர்கள் வேறு பாடம் கற்றனர். ஸ்காண்டிநேவிய நாட்டுக் கண் மருத்துவர் ரோ, 1940-களில், மெத்தனால் குடித்துக் கொண்டுவரப்பட்டவர்களைப் பார்த்து, அமிலமிகையே கேட்டின் வேர் என்றும், காரம் கொடுப்பது பயன் தரும் என்றும், சாதாரணச் சாராயமே இந்நஞ்சைத் தடுத்து நிறுத்துகிறது என்றும் எடுத்துக் காட்டினார். முள்ளை முள்ளால் எடுப்பது போல! நொதிக்குச் சாராயத்தின் மீதுதான் விருப்பம் மிகுதி. அது வந்துவிட்டால் மெத்தனாலை விட்டுவிடும். எனினும், எவன் எவ்வளவு குடித்தான், எப்போது குடித்தான், கூட என்ன குடித்தான் என்று ஒன்றும் தெரியாத நோயாளியிடம் காரண காரியத்தை ஐயமற நிறுவுவது எளிதா?

1955-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலே கில்கர், பாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் விடை கண்டனர். குரங்குக்கு மெத்தனால் கொடுத்தபோது, மனிதனுக்கு நேர்ந்தது குரங்குக்கும் நேர்ந்தது: அதே இடைவெளி, அதே அமிலமிகை, அதே கண் கேடு. எலியின் ஈரலில் ஃபோலேட் என்னும் உயிர்ச்சத்து மிகுதி. அதன் துணையால் எலி ஃபார்மிக் அமிலத்தை விரைந்து எரித்துவிடுகிறது. குரங்குக்கும் மனிதனுக்கும் அந்த வேகம் இல்லை. 1975-இல், அயோவாப் பல்கலைக்கழகத்தில் மெக்மார்ட்டின், டெஃப்லி முதலியோர், குரங்கின் குருதியிலே சேரும் ஃபார்மிக் அமிலமே அமிலமிகைக்குக் காரணம் என்று நிறுவினர். அத்துடன் நிற்கவில்லை. அந்த ஈரல் நொதியை முடக்கும் ஒரு பொருளைக் கொடுத்து, அமிலம் உண்டாவதையே தடுத்துக் காட்டினர். ஓட்டை எங்கே என்பதும் தெரிந்தது, அடைப்பானும் கிடைத்தது!

அந்தப் பொருள்தான் இன்று ஃபோமெபிசோல் என்ற மருந்து. 1996-இல் அமெரிக்காவில் அதற்கு முதல் அனுமதி கிடைத்தது – யாருக்காக? நாய்களுக்காக! குளிர்நாட்டு மோட்டார் வண்டிகளிலே நீர் உறையாதிருக்க ஊற்றும் எதிலின் கிளைக்கால் என்ற இனிப்பு நஞ்சை நக்கி, இதே போல் அமிலம் மிகுந்து சாகும் வளர்ப்பு நாய்களுக்காக. அடுத்த ஆண்டு, அதே நஞ்சை உண்ட மனிதருக்கு அனுமதி. 2000-இல் மெத்தனால் உண்ட மனிதருக்கு. 11 நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்ததில் 9 பேர் பிழைத்தனர் என்ற முடிவு 2001-இல் வெளிவந்தது. கூண்டிலே தொடங்கிய கதை கட்டிலிலே முடிந்தது.

கதை தெரிந்துவிட்டது. இனித் தீர்ப்புக்கு வருவோம்.

"மனிதனுக்காகவே விலங்குகள் படைக்கப்பட்டன" என்று சொல்லி வழக்கை முடித்துவிட முடியுமா? படைப்புக் கதையை நம்பாத நாம் அந்தக் கதையின் வாரிசுரிமையை மட்டும் பெற்றுக்கொள்ளலாமா? பதினேழாம் நூற்றாண்டின் தத்துவ ஞானி டெக்கார்ட்டே, விலங்கு ஒரு இயந்திரம் என்றார். அவருடைய கொள்கையைப் பின்பற்றியோர், அதன் அலறல் சக்கரத்தின் கிறீச்சொலிக்குச் சமம் என்றனர். அந்தக் கோட்டையை இடித்தவர் டார்வின். மனிதனும் குரங்கும் ஒரே கிளையிலே தோன்றிய உறவினர் என்றார். உறவு உடலோடு நிற்பதன்று; அச்சமும் அன்பும் வலியும்கூடப் பொதுச் சொத்தே என்று எழுதினார்.

இங்கேதான், தோழர்களே, முடிச்சு இருக்கிறது. எலி ஏன் பயன்படவில்லை? நம்மை ஒத்திராததால். குரங்கு ஏன் பயன்பட்டது? நம்மை ஒத்திருந்ததால். எந்த ஒற்றுமை அந்தச் சோதனைக்குப் பயன் தந்ததோ, அதே ஒற்றுமைதான் அந்தச் சோதனையைக் கொடுமையாக்குகிறது! "நம்மைப் போன்றது, ஆகவே சோதிக்கலாம்" என்று ஒரு வாயால் சொல்லி, "நம்மைப் போன்றதன்று, ஆகவே அதன் வலியைப் பற்றிக் கவலை வேண்டாம்" என்று மறு வாயால் சொல்வது எந்த அளவை நூலில் அடங்கும்? ஆய்வேட்டிலே உறவினன், அறநூலிலே அந்நியனா?

அப்படியானால், எல்லாக் கூண்டையும் திறந்துவிடு என்பதா முடிவு? அதற்கும் முன் ஒரு கணம் நிற்க வேண்டும். விலங்கிலே பார்க்காத மருந்தை முதன் முதலில் யார் மீது பார்ப்பார்கள்? சீமான் வீட்டுப் பிள்ளை மீதா? சிறைக் கைதி மீது, அகதி மீது, அநாதை மீது! ஹிட்லரின் முகாம்களிலே நடந்தது அதுதான். அந்தக் கொடியோரை விசாரித்தபின் 1947-இல் வகுக்கப்பட்ட நியூரம்பர்க் நெறிகள், மனிதனைச் சோதிக்குமுன் விலங்குச் சோதனையின் முடிவுகளை அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்று விதித்தன. கூண்டைத் திறப்பது நல்லதே. ஆனால் அந்தக் கூண்டுக்குள் ஏழையைத் தள்ளிவிட்டுத் திறப்பது நல்லதாகாது.

உறவை உலகுக்கு உணர்த்திய டார்வினே இந்தத் தராசைக் கையிலே பிடித்தவர்தாம். 1875-இல் இங்கிலாந்து அரசு அமைத்த விசாரணைக் குழுவின் முன் சாட்சி சொல்ல வந்த அவர், உடலியல் வளரச் சோதனை வேண்டும் என்றார்; உணர்விழக்கச் செய்ய வழியிருந்தும் செய்யாமல் விலங்கை வதைப்பது அருவருக்கத் தக்கது என்றும் அழுத்தமாகக் கூறினார். அடுத்த ஆண்டே அங்கே சட்டம் வந்தது.

நம் நாட்டிலே நிலை என்ன? குரங்கைக் கும்பிடும் நாடு இது. கும்பிட்ட கையாலேயே கூடையிலே அடைத்துக் கப்பலேற்றியும் வந்தது! 1950-களில் ஆண்டுக்கு இலட்சத்தை எட்டும் எண்ணிக்கையில் இந்தியக் குரங்குகள் அமெரிக்க ஆய்வகங்களுக்கும் பிற நாடுகளுக்கும் போயின. 1955-இல் லண்டன் விமான நிலையத்திலே நூற்றுக்கணக்கான குரங்குகள் மூச்சுத் திணறிச் செத்தன. மருத்துவத்துக்கென்று வாங்கிய குரங்குகளைப் போர்க்கருவி ஆராய்ச்சிக்கும் பயன்படுத்தினர் என்ற செய்தி எழுந்தபின், 1978-இல் ஏற்றுமதி அடியோடு நின்றது. வணங்கியது காக்கவில்லை, விசாரித்ததுதான் காத்தது.

சட்டத்தையும் பாருங்கள். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், ஆய்வாளனைப் பார்த்துப் பல கேள்வி கேட்கிறது. சிறிய விலங்கு போதுமானால் பெரிய விலங்கு ஏன்? மயக்க மருந்து கொடுத்தாயா? வேறு வழியில் அறிய முடியாதா? நல்ல கேள்விகள். அதே சட்டத்தின் 28-ஆம் பிரிவோ, மதம் வேண்டும் முறையில் ஒரு விலங்கைக் கொல்வது குற்றமாகாது என்று கதவைத் திறந்துவிடுகிறது. உயிர் காக்கும் மருந்தைத் தேடுபவன் காரணம் காட்ட வேண்டும், அது சரியே. பலிபீடத்தில் வெட்டுபவன் காரணம் காட்ட வேண்டாமா? அறிவுக்கு ஆயிரம் வினா, நம்பிக்கைக்கு ஒரு வினாவும் இல்லை என்பது கருணையாகுமா?

ஆகவே நான் சொல்ல வருவது இது. விலங்குச் சோதனை நமக்குக் கிடைத்த உரிமையும் அன்று, ஒரே சொல்லில் தள்ளிவிடத் தக்க பாவமும் அன்று. அது கடன். கடன் வாங்குபவன் மூன்று கேள்விக்கு விடை சொல்ல வேண்டும்.

முதற் கேள்வி: வாங்கித்தான் ஆக வேண்டுமா? வேறு வழி இருந்தால் வாங்காதே. ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கில அறிஞர்கள் 1959-இல் மூன்று நெறிகளை வகுத்தனர்: விலங்குக்குப் பதில் வேறொன்றைத் தேடு, முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, அதுவும் முடியாவிட்டால் வலியைக் குறை. மெத்தனால் ஆராய்ச்சியிலேயே இதற்குச் சான்று உண்டு. ஃபோலேட் குன்றச் செய்தால் எலியும் மனிதனைப் போலவே பாதிக்கப்படுகிறது என்று கண்டபின், குரங்கின் தேவை குறைந்தது. அமெரிக்கா 2022-இலும் இந்தியா 2023-இலும் மருந்துச் சட்ட விதிகளைத் திருத்தி, மனித உயிரணுக்களைக் கொண்டும் கணிப்பொறியைக் கொண்டும் செய்யும் சோதனைகளுக்கு வாயில் திறந்துள்ளன. வாயில் திறந்தபின்னும் பழைய பாதையிலேயே நடப்பது சோம்பல். பிற உயிரின் செலவிலே சோம்பல்!

இரண்டாம் கேள்வி: வாங்கிய கடன் உண்மையைத் தருமா? எலி ஏமாற்றியதைக் கண்டோம். டைகுளோரோஅசிடேட் என்ற பொருள், லாக்டிக் அமிலம் மிகுந்த நாய்களுக்கு நன்மை தந்தது. நம்பிக்கை வானளாவ எழுந்தது. 252 நோயாளிகளிடம் முறைப்படி சோதித்து 1992-இல் முடிவை வெளியிட்டபோது, அமிலத்தின் அளவு குறைந்ததே தவிர, சாவு குறையவில்லை. கூண்டின் தீர்ப்பு கடைசித் தீர்ப்பன்று. தோற்ற சோதனையை மறைக்காமல் வெளியிடுவதும் கடன்காரனின் கடமையே. ஒருவன் மறைத்தால், மற்றொருவன் அறியாமல் அதே வதையை மீண்டும் செய்வான்.

மூன்றாம் கேள்வி, முதன்மையான கேள்வி: கடனைத் திருப்பிக் கொடுத்தாயா? குரங்குக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது? செத்த குரங்கு வாங்கிக்கொள்ளாது. யாருடைய பெயரால் அதன் உயிரை எடுத்தோமோ, அவன் கையிலே மருந்தைச் சேர்ப்பதே திருப்பிக் கொடுப்பது. மெத்தனால் குடித்துச் சாகிறவன் யார்? மாளிகைவாசியா? உலகெங்கும் இந்நஞ்சு தேடிப் போய்க் கொல்வது குடிசைவாசியை. உலகச் சுகாதார நிறுவனம் 2013-இல் ஃபோமெபிசோலை இன்றியமையா மருந்துகளின் பட்டியலிலே சேர்த்தது. ஆனால் அதன் விலை மிகுதி. ஏழை நாடுகள் பலவற்றிலே எளிதில் கிடைப்பதில்லை. பட்டியலிலே இருக்கிறது, பெட்டியிலே இல்லை! ஏழையின் பெயரைச் சொல்லிக் குரங்கைக் கொன்று, கண்ட மருந்தைச் செல்வனின் அலமாரியிலே பூட்டி வைத்தால், அங்கே இரண்டு கொலை நடந்திருக்கிறது: கூண்டிலே ஒன்று, குடிசையிலே ஒன்று.

இன்னும் ஒரு படி மேலே செல்லுங்கள். மெத்தனால் கொல்லும் என்பது இன்று ஐயத்துக்கு இடமில்லாத அறிவு. எவ்வாறு கொல்லும், எத்தனை மணி நேரத்தில் கொல்லும், எதனால் தடுக்கலாம் – எல்லாம் குரங்கின் உயிரைக் கொடுத்து வாங்கியாயிற்று. தொழிற்சாலை மெத்தனால் தெருமுனைக்கு வரும் வழியை அடைக்க இனி ஒரு விலங்கும் வதைபட வேண்டியதில்லை. நேர்மையான அதிகாரியும் விழிப்பான ஊரும் போதும். அதைச் செய்யாமல் விட்டு, மரக்காணத்திலே பிணம் எண்ணினோம். மறு ஆண்டு கருணாபுரத்திலே பிணம் எண்ணினோம். அனுமதி இல்லாமல், மயக்க மருந்து இல்லாமல், குறிப்பேடுகூட இல்லாமல், மனிதர் மீது மீண்டும் மீண்டும் நடக்கும் சோதனை அல்லவா இது? விடை தெரிந்த கேள்விக்கு மறுபடியும் உயிர்ப்பலி! எந்த ஆய்வகமும் இதற்கு அனுமதி பெற முடியாது. நாடு மட்டும் எப்படிப் பெற்றது?

இளைஞனே! விலங்குக்கு இரங்குவது கோழைத்தனம் என்பார் சிலர், நம்பாதே. மனிதனுக்காக ஆய்வது பாவம் என்பார் சிலர், மயங்காதே. ஆய்வகத்தின் கதவைத் தட்டிக் கேள்: "இது தேவையா? இது உண்மையா? வலியைக் குறைத்தாயா?" பிறகு உன் ஊர் அரசு மருத்துவமனையின் கதவைத் தட்டிக் கேள்: "இந்த மருந்து இருக்கிறதா?" பிறகு, சாராயப் பாக்கெட் கைமாறும் சந்து முனையிலே நின்று கேள்: "இது எப்படி இங்கே வந்தது?" மூன்று கதவுகளுக்கும் ஒரே சாவி, அதன் பெயர் கேள்வி. கூண்டிலே மாண்ட அந்த வாயில்லா உறவினனுக்காகக் கேட்க நாக்கு உள்ளவர்கள் நாம்தான். கேட்போம்; கடன் தீரும்வரை கேட்போம்!